பதினொன்றால் வகுபட்ட பொன்விழா

நான் வேலை பார்த்த கல்லூரியில் கணிதத் துறையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, டேட்டா சயின்ஸ் என்று புதிதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். எண் கோட்பாடு என்ற தாளையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்தாயிற்றாம். அதைப் படித்தால் வேலை கிடைக்காது என்பது காரணம். இதை என்னிடம் வந்து சொன்ன இளைய ஆசிரியர்கள் இருவர், கூடவே ஒரு கோரிக்கையும் வைத்தார்கள். துறை மலரின் கடைசி இதழுக்கு நான் எழுத வேண்டும். தலைப்பு 'பெரிய எண்களின் அதிசயங்கள்'. மாணவர்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதிசயம் எழுத எனக்கு வராது. பெரிய எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களோடு வேலை செய்து சலித்தவள் நான். ஒரு பெரிய எண்ணால் நம் கல்லூரி பட்ட பாட்டை வேண்டுமானால் எழுதித் தருகிறேன், அச்சடிக்கத் தைரியம் இருந்தால் அச்சடியுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். படித்த பிறகும் அந்தத் தலைகள் ஆடுகின்றனவா என்று பார்ப்போம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நானும் அதே பள்ளியில் படித்து, மதுரையிலேயே எம்.எஸ்ஸி. முடித்து, எண் கோட்பாட்டில் எம்.ஃபில். வாங்கினேன். அந்தச் சொல்லால் எனக்கு வாய்த்த முதல் புகழ் வேறு மாதிரியானது. எங்கள் தெருவில் எல்லோரும் அதை எண் ஜோதிடம் என்று நினைத்துக்கொண்டார்கள். பையனுக்குப் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்க்கலாமா, ஸ்கூட்டருக்கு எட்டு வந்தால் வாங்கலாமா என்று வீட்டுக்கு வருவார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால், இம்புட்டுப் படித்தும் தெரியவில்லையா என்று வருத்தப்பட்டுத் திரும்புவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் யாரும் கணிதத் துறைக்குத் தலைவர்களாக இருக்கவில்லை.

எங்களுக்குத் தலைவராக இருந்தவர் தனபாலன். என்னை நேர்முகத் தேர்வில் எடுத்தவரும் அவர்தான். கணிதத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணம் ஆனதும் லீவு நிறையப் போடுவீர்களா என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றேன். அந்த ஒரு பதிலில் என் புலமை நிரூபணமாகிவிட்டது.

தனபாலன் சார் பாடம் நடத்தும் முறையை இன்றைய ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பலகைப் பக்கம் போகமாட்டார். நாற்காலியில் அமர்ந்து, தான் மாணவராக இருந்தபோது எழுதிய குறிப்புகளைப் பிரித்து, கமா வருகிற இடத்தில் 'கமா' என்று சொல்லி வாசிப்பார். அவருடைய ஆசிரியர் தவறாக எழுதிப்போட்ட ஒரு குறி, அவர் குறிப்பில் ஏறி, முப்பது வருட மாணவர்களின் விடைத்தாள்களில் அப்படியே இறங்கியது. யாராவது சந்தேகம் கேட்டால் அது சிலபஸில் இல்லை என்பார்.

துறைக் கூட்டங்களில் இன்னொரு வழக்கம். அவர் பேசத் தொடங்குமுன் உதவியாளர் வந்து மின்விசிறிகளை அணைத்துவிட வேண்டும். தாள் பறக்கக் கூடாதாம். சித்திரை மாத வெயிலில், மதுரையில், ஜன்னல் மூடிய அறையில் அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் வெந்துகொண்டிருப்போம். யாராவது மாற்றுக் கருத்துச் சொன்னால் பேனாவை எடுத்து, 'நோட்டட்' என்பார். தாளில் எதுவும் எழுதமாட்டார். பேனாவின் மூடியைக்கூடத் திறந்ததில்லை.

கல்லூரிக்குப் பொன்விழா வந்தது. ஒவ்வொரு துறையும் ஏதாவது செய்ய வேண்டும் என்றார் செயலர். தமிழ்த் துறை கவியரங்கம் வைத்தது. தாவரவியல்காரர்கள் மரம் நட்டார்கள். எங்கள் தலைவர் ஒரு எண்ணைச் செய்தார்.

எண்ணை எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். எட்டு இலக்கங்களை அவர் தேர்ந்தெடுத்தார். எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது இன்றுவரை தெரியாது. டவுன் ஹால் ரோட்டில் ஒரு எண் ஜோதிடரைப் போய்ப் பார்த்தார் என்று துறையில் பேச்சு. அந்த எட்டையும் அப்படியே திருப்பிப் போட்டுப் பின்னால் ஒட்டினார். பதினாறு இலக்கம் கிடைத்தது:

7391205885021937

இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் அதே எண். எல்லா இலக்கங்களையும் கூட்டினால் எழுபது, ஏழும் பூஜ்யமும் ஏழு, அது ராசியாம். இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர், இது ஒரு பகா எண் என்று அறிவித்தார். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. யாராலும் பிரிக்க முடியாத எண், நம் கல்லூரியைப் போல என்று சுற்றறிக்கை வந்தது. அப்போது எங்கள் துறையில் இரண்டு கோஷ்டிகள். ஒரு கோஷ்டி தேநீர் குடிக்கும் மேசையில் மற்றது உட்காராது.

மேலூரிலிருந்து லாரியில் ஆளுயரக் கருங்கல் வந்து இறங்கியது. குவாரி வைத்திருந்த பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு. அதில் எண்ணையும், கீழே 'முன்னும் பின்னும் மாறாத இப்பகா எண் நம் ஒற்றுமையின் சின்னம்' என்ற வரியையும் செதுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் வந்து, உலகின் மிகப் பெரிய பகா எண் மதுரையில் கண்டுபிடிப்பு என்று எழுதினார். பதினாறு இலக்கப் பகா எண் என்பது அந்த உலகத்தில் கைக்குழந்தை. அதைச் சொல்ல எங்கள் தலைவர் மறுப்புக் கடிதம் எழுதவில்லை. செய்தியைக் கத்தரித்து அறையில் ஒட்டிவைத்தார்.

சுற்றறிக்கையில் எண் இல்லை; நான் அதை முதலில் பார்த்தது அந்தச் செய்தியில்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. இதில் என் திறமை எதுவும் இல்லை. எண் கோட்பாட்டில் முதல் மாதம் வகுப்புக்கு ஒழுங்காக வந்த எவருக்கும் புரிந்திருக்கும்.

பதினொன்றால் ஒரு எண் வகுபடுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. முதல், மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றை இடங்களில் நிற்கும் இலக்கங்களைக் கூட்டுங்கள். இரண்டாவது, நான்காவது என்று இரட்டை இடங்களில் நிற்பவற்றைத் தனியே கூட்டுங்கள். இரண்டு தொகைக்கும் வித்தியாசம் பூஜ்யமாகவோ பதினொன்றின் மடங்காகவோ வந்தால், எண் பதினொன்றால் வகுபடும். இப்போது நம் எண்ணுக்கு வாருங்கள். முதல் இடத்தில் ஏழு. அதே ஏழு கடைசியில், பதினாறாவது இடத்தில். ஒன்று ஒற்றை இடம், மற்றது இரட்டை இடம். இரண்டாவது இடத்து மூன்று, பதினைந்தாவது இடத்திலும் நிற்கிறது. இப்படி ஒவ்வொரு இலக்கமும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. கூட்டிப் பார்க்கவே வேண்டாம். இரண்டு தொகையும் சமமாகத்தான் இருக்கும். வித்தியாசம் பூஜ்யம். திருப்பி வாசித்தாலும் மாறாத எண்ணுக்கு இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்துவிட்டால், எத்தனை நீளமானாலும் அது பதினொன்றால் வகுபட்டே தீரும். பதினொன்று என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் அந்த வகையில் பகா எண்ணாக இருக்க வழியில்லை. பகா எண் கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒரே இடத்தைத் தேடிப்பிடித்துத் தோண்டியிருந்தார் எங்கள் தலைவர்.

தனியாகச் சொல்லிவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். பதினொன்று என்று மட்டும் சொன்னேன். கணிதத் துறைத் தலைவருக்கு அதற்கு மேல் விளக்குவது அவமரியாதை என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"நோட்டட்" என்றார்.

அந்த வாரமே துறைக் கூட்டம். விசிறிகள் நின்றன. பொன்விழா எண் பற்றி அவர் பேசி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து சாகுல் எழுந்தார். சாகுல் எங்கள் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர். கோரிப்பாளையத்தில் அப்பா, அம்மா, மனைவியோடு மாடி வீட்டில் குடியிருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்; மனைவி மாசமாக இருந்தார். ஒவ்வொரு மே மாதமும் ஆர்டர் முடியும். ஜூனில் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடியும் வேலை. நான் தலைவரிடம் முன்பே பேசியது அவருக்குத் தெரியாது.

"சார், ஒரு சின்ன விசயம். அது பதினொன்னுல போகுது சார்" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. சட்டையில் சுண்ணாம்புப்பொடி இருக்கிறது என்று சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். தனபாலன் சார் முதலில் சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று, பகா எண் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றார். சாகுல் உட்காரவில்லை. அந்தப் புரோகிராமால் பத்து இலக்கத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது சார் என்று ஆரம்பித்தார்.

"மிஸ்டர் சாகுல், உங்க ஆர்டர் மே மாசத்தோட முடியுதுல்ல?"

வியர்வை வழிந்த முகங்கள் எல்லாம் மேசையைப் பார்த்தன. அத்தனை பேரும் கணிதம் படித்தவர்கள். அதில் நான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். சாகுல் சொன்னது சரியென்று தெரியாதவர் அங்கே ஒருவர்தான் இருந்திருப்பார். நான் எழுந்து, சாகுல் சொல்வது சரி, எண் பதினொன்றால் வகுபடுகிறது என்றேன். எனக்கு அடுத்த தலைவராகும் அவசரம் என்று அவர் பதில் சொன்னார். அதற்குப் பிறகு விசிறியைப் போடச் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

சாகுலும் நானும் நேராகக் கணினி ஆய்வகத்துக்குப் போனோம். அந்தப் புரோகிராமில் பூஜ்யத்தில் முடிகிற பதினாறு இலக்க எண் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பத்தால் வகுத்துவிடும் எண். பகா எண் என்று திரையில் வந்தது. வெறும் ஒன்பதுகளாகப் பதினாறு போட்டோம். அதுவும் பகா எண். நீளமாக எதைக் கொடுத்தாலும் அது அதையேதான் சொன்னது. சாகுல் சிரிக்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை மேடம், அவளுக்கு இது ஒன்பதாவது மாதம் என்றார். அந்த வேலையை நம்பித்தான் அவருக்குப் பெண் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு நாளில் செய்தி வந்தது. சாகுல் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார், ஆர்டரைப் புதுப்பிக்க வேண்டாம் என்று தலைவர் எழுதி அனுப்பிவிட்டார். ஒரு எண் வகுபடுகிறது என்று சொல்வதை ஒழுங்கீனம் என்று எழுதிய முதல் கணிதத் துறை எங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அனுமதி கேட்காமலே செயலர் அறைக்குள் போனேன்.

செயலர் படித்தவரல்லர். சோழவந்தான் பக்கம் நெல் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். கணிதத்துக்குப் பயப்படுவார்; பத்திரிகைக்கு அதைவிடப் பயப்படுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தனபாலன் சாரை வரவழைத்தார். அவர் முன்னால் மறுபடியும் ஒற்றை இடம், இரட்டை இடம் என்று கூட்டிக் காட்டினேன். இந்தப் பக்கம் முப்பத்தைந்து, அந்தப் பக்கம் முப்பத்தைந்து. தனபாலன் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் செயலரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த ரூல் சின்ன நம்பருக்குத்தான் சார் செல்லும். இது ஹியூஜ் நம்பர்."

முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் அது. மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் பேச்சில் பயனில்லை என்று, மேசையில் கிடந்த பொன்விழா அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன். நான்காம் வகுப்பில் சொல்லித்தரும் அதே நெடுவகுத்தல். எழுபத்து மூன்றில் ஆறு பதினொன்று, மீதி ஏழு. எழுபத்தொன்பதில் ஏழு, மீதி இரண்டு. இப்படியே சத்தமாகச் சொல்லிக்கொண்டு இறங்கினேன். செயலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். கடைசியில் எழுபத்தேழு வந்தது. ஏழு பதினொன்று எழுபத்தேழு. மீதி ஒன்றுமில்லை. ஈவு 671927807729267. அதைப் பதினொன்றால் பெருக்கி, அதே எண் திரும்பி வருவதையும் காட்டினேன்.

செயலர் தனபாலன் சாரைப் பார்த்தார்.

"பிரியாதுன்னு சொன்னீங்க. அந்தம்மா என் மேசையிலயே பிரிச்சுப் போட்டாங்களே."

தலைவர் வேறு விளக்கம் ஏதோ தொடங்கினார். செயலர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். அவருக்குக் கணிதம் வேண்டாம், கல்லை என்ன செய்வது என்பதுதான் வேண்டும். எண்ணும் வரியும் செதுக்கி முடித்தாயிற்று. விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. புதுக் கல்லுக்கு நேரமில்லை. கல்லே வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். நடுவில் இன்னொரு இலக்கம் சேர்த்துப் பதினேழாக்கிவிடலாம் என்றார் தனபாலன் சார். அது பகா எண்ணா என்று மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டரிடம் கேட்பாராம்.

எரிச்சலில்தான் நான் அதைச் சொன்னேன்.

"ஒரே ஒரு எழுத்த மாத்துங்க. 'பகா'வை 'பகு'ன்னு ஆக்கிடுங்க. வகுபடுற எண்ணுக்குத் தமிழ்ல அதான் பேரு. கல்லு பொய் சொல்லாது."

குத்தலாகச் சொன்னதைச் செயலர் யோசனையாக எடுத்துக்கொண்டார். கா என்பதன் துணைக்காலைக் கல்பொடியும் பசையும் வைத்து அடைத்துவிடலாம், க-வுக்குக் கீழே ஒரு சுழி போட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். கால் இருந்த இடம் இரண்டு சொல்லுக்கு நடுவில் விட்ட இடைவெளி போல இருக்கும். அவர் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. ஒற்றுமையின் சின்னமாக ஒரு வகுபடும் எண்ணை வைக்கப் போகிறோமே என்பது அறையில் என்னைத் தவிர யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

அதன் பிறகு சாகுல் பேச்சை எடுத்தேன். செயலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனபாலன் சாரும் மனம் வருந்தியிருக்கிறார், அந்தத் தம்பியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதாவது கல்லில் தோற்றவருக்கு ஆறுதல் பரிசாக ஒரு மனிதனின் வேலை. அங்கே நியாயம் பேசினால் விழலுக்கு இறைத்த நீராகத்தான் போகும் என்று தெரிந்தது. அதனால் அவருக்குப் புரிகிற பாஷையில் பேசினேன்.

"உள்ள இருக்குற வாத்தியாரு வாயத் தொறக்க மாட்டாரு ஐயா. வெளிய அனுப்பிட்டீங்கன்னா அவரு யாருக்குப் பயப்படணும்? பேப்பர்க்காரன் கோரிப்பாளையத்துலயும் இருக்கான்."

செயலர் நான் வகுத்த அழைப்பிதழை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டு, சாகுலின் ஆர்டரைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. தனபாலன் சார் எழுந்து போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வெளியே வந்து, நான் வகுத்துக் காட்டிய தாளைச் செயலரிடமிருந்து வாங்கிவிட முடியுமா என்று உதவியாளரிடம் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஆர்டர் கையில் வந்த அன்று சாகுல் என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சரியாக இல்லை.

"நான் சொன்னது சரிங்கிறதுக்காகக் குடுக்கல. வாய மூடத்தான் குடுத்துருக்காங்க. அப்படித்தான மேடம்?"

"அப்படித்தான்" என்றேன். "வாங்கிக்கங்க. ரெண்டு காரணத்துக்கும் ஒரே சம்பளம்தான்."

அவர் ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வருடமே அரசுத் தேர்வு எழுதித் தேறி, மேலூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் போய்விட்டார். பொன்விழா வருடம் பிறந்த அவர் பெண் இப்போது உயரமாக வளர்ந்திருக்கிறாள். இந்த விவகாரத்தில் நல்ல செய்தி அது ஒன்றுதான்; அதனால் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இனி விழா.

பந்தல், மேளம், வாழைமரம் எல்லாம் இருந்தன. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். அவர் கல்லின் திரையை விலக்கினார். கூட்டம் கைதட்டியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கில், நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "முன்னும் பின்னும் மாறாத இப்பகு எண் நம் ஒற்றுமையின் சின்னம்." பகு என்ற சொல்லை நன்றாக அழுத்தியும் சொன்னார். பிறகு, இந்த எண்ணைப் போல எவராலும் பிரிக்க முடியாதவர்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு நீண்ட நேரம் அறிவுரை கூறினார். முன்வரிசையில் ஐந்து கல்லூரிகளின் முதல்வர்கள். அவர்களில் இருவர் கணிதக்காரர்கள். அவர்களும் தட்டினார்கள். எங்கள் துறை ஆசிரியர்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். சாகுல் தன்னார்வலர் பட்டையைக் குத்திக்கொண்டு பந்தல் ஓரத்தில் நின்றார். தட்டவில்லை.

இந்த எண்ணைக் கண்டளித்ததற்காகத் தனபாலன் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடையோடே மேடையிலிருந்து இறங்கி, நேராக நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். செயலர் அறையில் நடந்ததற்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அப்போதுதான். குனிந்து, காதருகே, ரகசியம் போலச் சொன்னார்.

"பாத்தீங்களா மேடம். ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவர் பணியாற்றிய காலம் முழுவதிலும் முன்வைத்த ஊகங்களில் பிழையில்லாமல் நிரூபணமானது அது ஒன்றுதான்.